ஊசி முனையும் மூளையின் விடையும்

(முதியோர் நலநாளன்று ஆலய மண்டபத்தில் செயலவை உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



தேவார திருவாசகம் ஒலிக்கும் இம்மண்டபத்தில், சீனத்து ஊசியைப் பற்றியும் மனித மூளையைப் பற்றியும் இந்த வாத்தியார் ஏன் பேச வருகிறார் என்று சிலர் எண்ணக்கூடும். காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சில மாதங்களுக்கு முன் நம் செயலவைக்கு இரண்டு கடிதங்கள் வந்தன. ஒரு நன்கொடையாளர், மூட்டுவலியாலும் முதுகுவலியாலும் துன்புறும் நம் முதியோருக்கு வாரம் ஒருநாள் இலவசமாக அக்குபஞ்சர் சிகிச்சை அளிக்கலாம், செலவைத் தாமே ஏற்றுக்கொள்வதாக எழுதியிருந்தார். கடிதத்தோடு மூளையின் வண்ணப்படம் ஒன்றையும் இணைத்து, "விஞ்ஞானம் நிரூபித்துவிட்டது" என்று அதன் கீழே எழுதியிருந்தார். இன்னொரு நன்கொடையாளர் இச்செய்தியைக் கேள்வியுற்று, இறைவன் பெயரால் கொடுத்த பணத்தை ஆதாரமில்லாத வைத்தியத்திற்குச் செலவிடலாகாது என்று கண்டித்து எழுதினார். இருவரும் நல்லவர்கள். இருவரும் நம் ஆலயத்திற்கு வேண்டியவர்கள். பள்ளியில் அறிவியல் கற்பித்தவன் என்பதால், இதைப் படித்துப் பார்த்துச் சொல்லும் பொறுப்பைத் தலைவர் அவர்கள் என்னிடம் ஒப்படைத்தார். படித்ததை உங்கள்முன் வைக்கிறேன்.

அன்பர்களே, சீன மருத்துவம் நமக்கு அந்நியமன்று. நம் சிங்கப்பூரில் 1867-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தோங் சாய் மருத்துவ நிலையம், இனம் மதம் பாராமல் ஏழைகளுக்கு இலவசமாக மருத்துவம் பார்த்து வந்த அறநிலையம். கை பிசகினால், கால் சுளுக்கினால் சின்சேயிடம் போய் வந்த தமிழர்கள் நம் பெற்றோர் காலத்திலேயே பலர் உண்டு. ஆகவே நம்மைப் பொறுத்தவரை இது சீனருடையதா நம்முடையதா என்ற கேள்வியே எழவில்லை. எது உண்மை, எது மிகை என்பதே கேள்வி.

மேலைநாட்டாரின் கவனம் இந்த ஊசியின்மீது பரவலாகத் திரும்பியது 1971-இல். நியூயார்க் டைம்ஸ் நாளேட்டின் புகழ்பெற்ற செய்தியாளர் ஜேம்ஸ் ரெஸ்டன் பெய்ஜிங் சென்றிருந்தபோது குடல்வால் நோயால் அறுவை சிகிச்சைக்கு ஆளானார். ஊசி குத்தி மரத்துப்போகச் செய்துதான் அவருக்கு அறுவை நடந்தது என்று இன்றும் பலர் சொல்கிறார்கள். அது சரியன்று. அறுவைக்கு வழக்கமான மரப்பு மருந்தே தரப்பட்டது. அறுவைக்குப் பிந்திய இரண்டாம் இரவு வயிறு உப்பி வேதனைப்பட்டபோதுதான் முழங்கையிலும் முழங்காலுக்குக் கீழும் அக்குபஞ்சர் ஊசிகள் செருகப்பட்டன. வேதனை தணிந்தது என்று அவரே எழுதினார். ஒரு சிறு உண்மை வாய்மாறி வாய்மாறி எப்படிப் பெரிதாகிறது என்பதற்கு இதுவே முதற்பாடம்.

அதே காலத்தில் பெய்ஜிங் மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர் ஹான் ஜிஷெங் என்பவர், ஊசி எப்படி வலியைத் தணிக்கிறது என்று 1965 முதல் ஆராய்ந்து வந்தார். ஊசிச் சிகிச்சை பெற்ற முயலின் மூளைநீரை எடுத்து, சிகிச்சை பெறாத மற்றொரு முயலுக்குச் செலுத்தியபோது, அந்த முயலும் வலியைக் கூடுதலாகத் தாங்கியது. அப்படியானால் ஊசி குத்தியவுடன் மூளையில் ஏதோ ஒரு பொருள் சுரக்கிறது என்றுதானே பொருள்! 1975-இல் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் ஹியூஸ், காஸ்டர்லிட்ஸ் என்னும் இருவர், அபினைப் போல வலியைத் தணிக்கும் பொருள்கள் மூளையிலேயே இயற்கையாக இருப்பதைக் கண்டறிந்தார்கள். 1977-இல் அமெரிக்காவில் மேயர் குழுவினர், அபினின் வேலையைத் தடுக்கும் நலாக்சோன் என்ற மருந்தைக் கொடுத்தால் அக்குபஞ்சர் தரும் வலிநிவாரணமும் மங்கிவிடுவதைக் காட்டினார்கள். பின்வந்த சோதனைகள் அனைத்தும் இதனோடு ஒத்துப்போகவில்லை என்றாலும், தேட வேண்டிய இடம் மூளை என்பது தெளிவாயிற்று.

உயிரோடிருக்கும் மனிதனின் மூளைக்குள் எப்படி எட்டிப் பார்ப்பது? அதற்கு வழி திறந்தது 1990-இல். ஜப்பானியரான செய்ஜி ஒகாவா, எம்.ஆர்.ஐ. காந்தப் பொறியைக் கொண்டே மூளையின் இயக்கத்தைப் படம்பிடிக்கும் முறைக்கு அடிகோலினார். நம் இரத்தத்தில் உயிர்வளியைச் சுமக்கும் நிறமி, சுமை இருக்கும்போது ஒருவிதமாகவும் சுமை இறங்கியபின் வேறுவிதமாகவும் காந்தத்திற்கு உட்படுகிறது. மூளையின் ஒரு பகுதி உழைத்தால் சில விநாடிகளில் அங்கே புது இரத்தம் பாய்கிறது. அந்த வேறுபாட்டைத்தான் பொறி அளக்கிறது. நாம் காணும் சிவப்பும் மஞ்சளும் மூளையின் நிறமல்ல. கணினி கணக்குப்போட்டுத் தீட்டிய வண்ணம்.

இதை நம் வீவக அடுக்குமாடியை வைத்துச் சொல்கிறேன். இரவில் எதிர்ப் புளோக்கைப் பார்க்கிறோம். ஏழாம் மாடியில் விளக்கு எரிகிறது. வீட்டில் யாரோ விழித்திருக்கிறார்கள் என்று தெரிகிறது. அவர்கள் படிக்கிறார்களா, சண்டையிடுகிறார்களா, சாமி கும்பிடுகிறார்களா என்பது விளக்கைக் கொண்டு தெரியாது. மூளைப்படமும் அப்படித்தான். விளக்கெரிவதைக் காட்டும், உள்ளே நடப்பதை நாம்தான் ஊகிக்க வேண்டும். ஊகம் தவறவும் செய்யும். 2009-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர் செத்த மீனொன்றை இந்தப் பொறியில் வைத்து, அதற்கு மனிதர்களின் படங்களைக் காட்டினார்கள். புள்ளிவிவரக் கணக்கை முறையாகத் திருத்தாமல் விட்டபோது, செத்த மீனின் மூளையிலும் "இயக்கம்" தெரிந்தது! கணக்கில் கவனம் வேண்டும் என்று உணர்த்தவே அவர்கள் அதைச் செய்தார்கள்.

அக்குபஞ்சர் ஆய்விலும் இத்தகைய சறுக்கல் நேர்ந்தது. 1998-இல் கலிபோர்னியாவில் சோ என்ற பேராசிரியரின் குழுவினர், கால் சுண்டுவிரலின் ஓரத்தில் கண்ணுக்குரியதாகச் சீன நூல்கள் சொல்லும் புள்ளியில் ஊசி போட்டால், மூளையில் பார்வைக்குரிய பகுதி இயங்குகிறது என்று அறிவித்தார்கள். உலகமே வியந்தது. எட்டாண்டுகள் கழித்து, 2006-இல், அவரும் அவருடைய கூட்டாளிகள் பலரும் அந்த முடிவைத் தாங்களே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். குறிப்பிட்ட புள்ளிக்கும் குறிப்பிட்ட உறுப்புக்கும் அப்படி நேரான தொடர்பு இருப்பதாகத் தாங்கள் இனிக் கருதவில்லை என்று வெளிப்படையாக எழுதினார்கள். கண்டுபிடித்ததற்குப் பாராட்டும் உலகம், திருத்திக்கொண்டதற்கும் அவர்களைப் பாராட்ட வேண்டும். ஆனால் வியப்புச் செய்தி போய்ச்சேர்ந்த இடமெல்லாம் திருத்தம் போய்ச்சேரவில்லை. இன்னும் அந்தப் பழைய படத்தைக் காட்டுவோர் உண்டு.

அப்படியானால் மிஞ்சியது ஒன்றுமில்லையா? உண்டு, நிறையவே உண்டு.

2000-ஆம் ஆண்டில் பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் கேத்லீன் ஹூயி என்ற அம்மையாரின் குழுவினர், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையிலுள்ள ஹேகூ என்ற புள்ளியில் ஊசியைச் செருகி முறுக்கினார்கள். ஊசி சரியாக அமைந்தால் கனமாக, மந்தமாக, மரத்தாற்போல ஓர் உணர்வு தோன்றும். சீனர் அதைத் தேச்சி என்பர். அந்த உணர்வைப் பெற்றவர்களின் மூளையில், அச்சம், கவலை, நினைவு ஆகியவற்றோடு தொடர்புடைய உட்பகுதிகளின் இயக்கம் தணிந்தது. தேச்சிக்குப் பதிலாகச் சுரீரென்று வலியை உணர்ந்தவர்களுக்கோ அதே பகுதிகளில் இயக்கம் கூடியது. அதாவது ஊசி, மூளையில் சில விளக்குகளை ஏற்றுவதோடு சிலவற்றை அணைக்கவும் செய்கிறது.

அடுத்த கேள்வி இன்னும் கடினமானது. இந்த மாற்றம் ஊசியால் வந்ததா, "எனக்குச் சிகிச்சை நடக்கிறது" என்ற நம்பிக்கையால் வந்ததா? இதைப் பிரித்தறிய 1998-இல் ஜெர்மனியின் ஸ்ட்ரைட்பெர்கர் ஒரு போலி ஊசியை அறிமுகப்படுத்தினார். நாடகத்தில் வரும் கத்தியைப் போல, தோலைத் தொட்டதும் அதன் முனை பிடிக்குள் போய்விடும்; பார்ப்பவருக்குக் குத்தியதுபோலவே இருக்கும். 2005-இல் இங்கிலாந்தில் கட்டைவிரல் மூட்டுவலியுள்ள 14 பேரை இவ்வாறு பெட் ஸ்கேன் மூலம் சோதித்தார்கள். மெய்யூசி, போலியூசி, சிகிச்சையன்று என்று சொல்லியே செய்த வெறுங்குத்தல் என மூன்றையும் ஒப்பிட்டார்கள். எதிர்பார்ப்போடும் வலியை அடக்குவதோடும் தொடர்புடைய பகுதிகள், மெய்யூசிக்கும் போலியூசிக்கும் ஒருசேர விடையளித்தன. வெறுங்குத்தலுக்கு அவ்வாறு செய்யவில்லை. ஆனால் இன்சுலா என்னும் பகுதி, போலியைவிட மெய்யூசிக்கே கூடுதலாக விடையளித்தது. ஆகவே மூளை இரண்டுக்கும் விடை சொல்கிறது: நம்பிக்கைக்கு ஒன்று, ஊசிக்கு ஒன்று.

2009-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஹாரிஸ் குழுவினர், உடம்பெல்லாம் நாட்பட்ட வலியால் வாடும் பெண்கள் 20 பேரைச் சோதித்தார்கள். மெய்ச்சிகிச்சை பெற்றவர்களின் மூளையில், வலிதணிக்கும் பொருள்களைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் அப்பொருளைப் பிணைக்கும் திறன் கூடியது. போலிச் சிகிச்சை பெற்றவர்களிடம் அந்த மாற்றம் காணப்படவில்லை. எனினும் வலி குறைந்ததாகச் சொன்னதில் இரு சாராருக்கும் பெரிய வேறுபாடில்லை. 2017-இல் வெளிவந்த பாஸ்டன் ஆய்வொன்றும் இதையே வேறுவிதமாகச் சொல்கிறது. மணிக்கட்டில் நரம்பு நெருக்குண்டு விரல்கள் மரத்துப்போன 80 பேருக்கு எட்டு வாரங்கள் சிகிச்சை நடந்தது. உடனடி நிவாரணம் மெய், போலி இரண்டிலும் கிடைத்தது. ஆனால் நரம்பின் வேகம் சீரானதும், மூளையில் குழம்பிக்கிடந்த விரல்களின் வரைபடம் மீண்டும் பிரிந்து தெளிந்ததும் மெய்யூசி பெற்றவர்களிடமே. அந்தத் தெளிவு மிகுந்தவர்களுக்கு மூன்று மாதங்களுக்குப் பின்னும் நிவாரணம் நிலைத்தது.

இவை சிறிய எண்ணிக்கையிலான ஆய்வுகள் என்பதை நினைவில் கொள்ளவேண்டும். பெரிய எண்ணிக்கையில் என்ன தெரிகிறது? ஜெர்மனியில் நாட்பட்ட முதுகுவலியுள்ள 1,162 பேரை ஆராய்ந்து 2007-இல் முடிவை வெளியிட்டார்கள். ஆறு மாதங்களுக்குப் பின் நல்ல பலன் கண்டவர்கள், மெய்யூசியில் நூற்றுக்கு 47.6 பேர், போலியூசியில் 44.2 பேர், மாத்திரை, உடற்பயிற்சி முதலிய வழக்கமான சிகிச்சையில் 27.4 பேர். 2012-இல் ஏறத்தாழ 18,000 நோயாளிகளின் விவரங்களைத் திரட்டிப் பார்த்ததிலும், மெய்யூசி போலியை வெல்கிறது, ஆனால் சிறு வேறுபாட்டில்தான் வெல்கிறது. சிகிச்சையே பெறாதவர்களோடு ஒப்பிட்டால் வேறுபாடு பெரிது என்று தெரிந்தது.

முதல் கடிதம் எழுதிய அன்பர் "பார்த்தீர்களா!" என்பார். இரண்டாம் கடிதம் எழுதிய அன்பரும் "பார்த்தீர்களா!" என்பார். இருவருக்கும் பாதிப் பாதி உண்மை கிடைத்திருக்கிறது. ஊசி மூளையைத் தொடுகிறது என்பது உண்மை. நம்பிக்கையும் அரவணைப்பும் மூளையைத் தொடுகின்றன என்பதும் அதே அளவு உண்மை.

இந்த அரவணைப்பையும் படம்பிடித்திருக்கிறார்கள். 2020-இல் வெளிவந்த ஆய்வொன்றில், அக்குபஞ்சர் மருத்துவர் ஒரு பொறியிலும் நாட்பட்ட வலியுள்ள நோயாளி மற்றொரு பொறியிலும் படுத்துக்கொண்டு, காணொளி வழியே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். முன்கூட்டியே உட்கார்ந்து நோயாளியின் குறைகளைக் கேட்டறிந்த மருத்துவருக்கும் அந்த நோயாளிக்கும், பிறர் மனத்தை உணர்வதற்குரிய மூளைப்பகுதிகள் ஒன்றோடொன்று இசைந்து இயங்கின. முகபாவங்களும் ஒத்துப்போயின. இசைவு கூடக்கூட வலியும் குறைந்தது.

இதைப் படித்தபோது எனக்குச் சொந்த அனுபவம் ஒன்று நினைவுக்கு வந்தது. தோள்பட்டை இறுகிக் கையைத் தூக்க முடியாமல் இருந்த காலத்தில் ஒரு சின்சேயிடம் போனேன். வயதான அம்மையார். எந்தப் பக்கமாகப் படுக்கிறீர்கள், எந்தக் கையால் கரும்பலகையில் எழுதினீர்கள், சட்டை போட்டுக்கொள்ள யார் உதவுகிறார்கள் என்றெல்லாம் கேட்டுவிட்டுத்தான் ஊசிப்பெட்டியைத் திறந்தார். வலி குறைந்தது. ஊசிக்கு எவ்வளவு பங்கு, கேள்விகளுக்கு எவ்வளவு பங்கு என்று என்னால் பிரித்துச் சொல்ல இயலாது.

ஆனால் அன்பர்களே, நம்பிக்கைக்கு இத்தனை ஆற்றல் உண்டென்றால், அதைத் தவறாகப் பயன்படுத்துவோருக்கும் அத்தனை ஆற்றல் உண்டு. நம் ஆலயத்திற்கு நாள்தோறும் வரும் முதியவர் ஒருவர். பெயர் வேண்டாம். எங்கோ ஓரிடத்தில் அவருக்கு வண்ண வண்ண மூளைப்படத்தைக் காட்டி, "ஊசி போட்டால் இனிப்புநீர் தானே இறங்கும், மாத்திரை எதற்கு?" என்று சொல்லியிருக்கிறார்கள். ஐயா மாத்திரையை நிறுத்திவிட்டார். கால்விரலில் புண் வந்தது. உணர்ச்சி மங்கிய கால் என்பதால் அவருக்கு வலியே தெரியவில்லை. விரலை எடுக்கவேண்டி வந்தது. நான் மேலே சொன்ன ஊசிச் சிகிச்சை ஆய்வுகள் பெரும்பாலும் வலியைப் பற்றியவை. அவற்றில் எதுவும் இனிப்புநீர் மாத்திரையை நிறுத்தலாம் என்று சொல்லவில்லை. முதுகுவலிக்குரிய சான்றை எடுத்துப்போய் இனிப்புநீருக்குச் சாட்சியாக நிறுத்துவது பெரும் பாவம்.

இளைஞர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "சார், தைப்பூசத்தில் அலகு குத்துவோருக்கும் வலி தெரிவதில்லையே, இதுவும் அதுவும் ஒன்றா?" வலி, காயம்பட்ட இடத்தில் மட்டும் தீர்மானிக்கப்படுவதில்லை, மூளை அதைக் கூட்டவும் குறைக்கவும் வல்லது என்பது பொதுவான உண்மை. ஆனால் நான் படித்த ஆய்வுகள் நோயாளிகளிடமும் தன்னார்வலர்களிடமும் நடந்தவை. விரதமிருந்து காவடி எடுக்கும் பக்தனின் நிலையை அவற்றைக்கொண்டு அளப்பது முறையன்று. பக்திக்குப் பொறியின் சான்றிதழ் தேவையுமில்லை.

இனி, நம் கையிலிருக்கும் முடிவுக்கு வருகிறேன். முதியோருக்கு ஊசிச் சிகிச்சை நாளை ஆறு மாதங்களுக்குத் தொடங்கிப் பார்க்கலாம் என்பது என் பரிந்துரை. ஆனால் ஐந்து நிபந்தனைகள்.

முதலாவது, நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டின் சட்டப்படி அக்குபஞ்சர் செய்வோர் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவுபெற்றவரையே அழைக்க வேண்டும். யாருடைய சொந்தக்காரர் என்று பார்க்கக்கூடாது.

இரண்டாவது, ஒருமுறை பயன்படுத்தி எறியும் கிருமியற்ற ஊசிகளே வேண்டும். இரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்பவர்களும், காலில் உணர்ச்சி குறைந்த இனிப்புநீர் நோயாளிகளும் தங்கள் மருத்துவரைக் கேட்டபின்பே வரவேண்டும்.

மூன்றாவது, வலிக்கு மட்டும் என்று தெளிவாக அறிவிக்க வேண்டும். வருகிற ஒவ்வொரு முதியவரிடமும் நம் தொண்டர், "மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா, அம்மா? மருத்துவரைப் பார்க்கும் நாள் எப்போது, ஐயா?" என்று கேட்க வேண்டும்.

நான்காவது, அறிவிப்புப் பலகையில் மூளைப்படம் வேண்டாம். நாம் விளக்க முடியாத படத்தை வைத்து யாரையும் நம்பவைக்கக் கூடாது.

ஐந்தாவது, ஒவ்வொருவருக்கும் பேசுவதற்கு நேரம் ஒதுக்க வேண்டும். வரிசையில் எண் கொடுத்து விரைவாக அனுப்பிவிட்டால் சிகிச்சையின் ஒரு பாதியை நாமே தூக்கி எறிந்தவர்களாவோம். இதற்குப் பணம் வேண்டாம், தொண்டர்கள் வேண்டும். நன்கொடையாளர்களே, உங்கள் காசோலையோடு மாதம் ஒரு பிற்பகலையும் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

வருபவர்களின் வலியை முன்னும் பின்னும் பூச்சியம் முதல் பத்து வரை கேட்டு ஏட்டில் குறித்து வைப்போம். ஆறு மாதம் கழித்து அந்த ஏட்டைச் செயலவை பார்த்து, தொடரலாமா நிறுத்தலாமா என்று முடிவு செய்யட்டும். நல்லதோ கெட்டதோ, கண்டதை அப்படியே அடுத்த ஆண்டு மலரில் அச்சிடுவோம். கடிதம் எழுதிய இரு அன்பர்களையும் அந்த ஏட்டைச் சரிபார்க்கும் குழுவில் சேர்க்க வேண்டுமென்று தலைவர் அவர்களை வேண்டிக்கொள்கிறேன். இருவரும் இசைவு தெரிவித்துவிட்டார்கள் என்பதை மகிழ்ச்சியோடு சொல்லிக்கொள்கிறேன்.

நம் முதியோர் அனைவரும் நோய்நொடியின்றி நெடுநாள் வாழ எல்லாம்வல்ல இறைவன் திருவருள் துணைநிற்குமாக.